கீழ் வீட்டு ஃபோன்

என் மகள் ருதைனா ஜெர்மனிக்கு டாக்டர் வேலைக்குப் போகட்டும் என்று நான் சம்மதம் சொன்னதிலிருந்து, ஜோர்டானின் ஸல்த் நகரில் அந்தச் செய்தி தெரியாதவர் இல்லை. ஊருக்குச் சொன்னவனும் நான்தான். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்புவதை ஊர் தானாகத் தெரிந்துகொண்டால் வம்பாகிவிடும். தகப்பனே பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்லிவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆகவே சொன்னேன்.

அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை காலை நடந்தது, என் மகளின் வேலையோடு போகிற விஷயமாக இல்லை; ஊரில் என் பேரும் அதில் மாட்டியிருந்தது.

காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தோம். என் மனைவி நவால் ஃபூல் என்கிற மொச்சைக் கூட்டில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். ருதைனா அறையிலிருந்து வந்தாள். கையில் ஃபோன், முகத்தில் ரத்தமே இல்லை.

அவளுடைய மின்னஞ்சல்கள் ஒன்றுகூட இல்லையாம். ஜெர்மன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை, அவள் அனுப்பியவை எல்லாம் துடைத்துவிட்டது போலக் காலி. குப்பைத் தொட்டியில் தேடியிருக்கிறாள், அதுவும் காலி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கான இணைப்பு அந்தக் கடிதங்களில் ஒன்றில்தான் இருந்தது. இன்று மாலைக்குள் போட்டாக வேண்டும். போடாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு இடம் போய்விடும் என்று முதலிலேயே எழுதியிருந்தார்கள்.

"இன்னைக்கு வரைக்கும் ஏன் வச்சிருந்தே?" என்று நவால் கேட்டாள்.

"வாடகை வீட்டுக் காகிதம் நேத்து ராத்திரிதாம்மா வாட்ஸாப்ல வந்துச்சு. அது இல்லாம கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து பார்த்திருக்கிறாள். இவள் விஷயத்தைப் பார்க்கும் அம்மாள் விடுமுறையில் இருக்கிறார். மற்றவர்கள், பொது முகவரிக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை பார்ப்போம் என்கிறார்கள். எழுதியும் விட்டாள். மின்னஞ்சல் நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலும் கேட்டிருக்கிறாள். 'பரிசீலிக்கிறோம்' என்று ஒரு வரி வந்ததோடு சரி.

நவால் கண்ணேறு என்றாள். ஊரெல்லாம் சொல்லாதீர்கள் என்று அப்போதே தலைதலையாக அடித்துக்கொண்டாளாம். ருதைனா அப்படியில்லை, யாரோ கடவுச்சொல்லைத் திருடி உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்றாள். யார் என்று யோசித்தபடி, இங்கே ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணும் இதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தவளாம்.

நான் ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து என் ஃபோனைச் சுத்தம் செய்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்கிற வேலைதான் அது. ரோஜாப்பூ, மினாரா, ஆவி பறக்கும் காபிக் கோப்பை என்று ஜும்ஆ வாழ்த்துப் படங்கள் வியாழக்கிழமை ராத்திரியிலிருந்தே வந்து குவியும். அவற்றை அழித்தும் 'இடம் இல்லை' என்றே ஃபோன் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதுவரை நான் தொடாத ஒரு கட்டத்தைத் திறந்தேன். உள்ளே எல்லாம் அந்நிய எழுத்தில் கடிதங்கள். கடைக்காரர்கள் விளம்பரம் அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ராணுவக் கிடங்கில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான், கழித்த சாமானை மூலையில் போட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது. குப்பைத் தொட்டியையும் தேடிப் பிடித்துக் காலி செய்தேன்.

அந்த ஃபோனை வாங்கித் தந்தவள் ருதைனா. எனக்கென்று மின்னஞ்சல் முகவரி கிடையாது என்பதால் தன்னுடையதையே போட்டு ஓட விட்டிருந்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. ஆனால் என் மகள் இன்னொருவர் வீட்டுப் பெண்ணின் பெயரை இரண்டாவது முறையாகச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"அந்தப் பொண்ணை விடு. அழிச்சது நான்" என்றேன்.

நவாலின் கையில் எண்ணெய்ப் புட்டி அப்படியே நின்றது. ருதைனா என் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். நான் அழித்த விதத்தைக் கேட்டாள். சொன்னேன். குப்பைத் தொட்டியைப் பற்றிச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு வேலையையாவது பாதியில விட்டுருக்கக் கூடாதா பாபா?"

வேறு வீடாயிருந்தால் இதற்கு ஒரு அறை விழும்.

அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். திடீரென்று நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இந்தக் கதையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் தம்பி ஃபவ்வாஸைத் தெரியும். எங்கள் தகப்பனார் கட்டிய மஞ்சள் கல் வீட்டில் மேல் மாடி எனக்கு, கீழ்த்தளம் அவனுக்கு. இந்த ஊரில் பெண் கேட்டுப் போகிற ஜாஹா என்றால் பெரியவர்கள் என்னைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். பெண் வீட்டார் தரும் காபியைக் குடிக்காமல் எதிரே வைத்துவிட்டு, வந்த காரியத்தை நான்தான் சொல்வேன். 'காபியைக் குடியுங்கள்' என்று அவர்கள் சொன்னால் பெண்ணைக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். அதன் பிறகே கோப்பையில் கை வைப்போம். பாதி ஊருக்கு அப்படிக் கேட்டுக் கொடுத்தவனை, தன் மகன் லைஸின் ஜாஹாவுக்கு ஃபவ்வாஸ் கூப்பிடவில்லை. வேறொருவரை முன்னால் உட்கார வைத்தான். அன்று மூடிய வாயை நாங்கள் இருவரும் இன்னும் திறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பாபா, கோவப்படாம கேளுங்க" என்று ஆரம்பித்தாள் ருதைனா.

அவளுடைய பழைய ஃபோன் கீழ் வீட்டில் இருக்கிறது. சித்தி இன்ஸாஃபுக்குச் சமையல் வீடியோ பார்க்கவென்று இவள்தான் கொடுத்திருக்கிறாள். பின்படிக்கட்டு வழியாகக் கிண்ணங்களும் ஊறுகாயும் ஃபோனும் இத்தனை காலமும் ஏறி இறங்கியிருக்கின்றன. அவசரத்தில் கொடுத்ததால் அந்த ஃபோனிலும் இவளுடைய மின்னஞ்சல் அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

என் வீட்டில் எனக்குத் தெரியாமல் இது நடந்ததைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வரும் என்று சொல்லிவிட்டு, அந்த ஃபோனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டேன்.

"சித்தப்பா வியாழக்கிழமை ராத்திரி நெட்டை அணைச்சுடுவாரு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிஞ்சு வந்துதான் போடுவாரு. அதுவரைக்கும் வீட்ல குர்ஆன் ஓதணும், ஃபோன் பாக்கக் கூடாதுன்னு சட்டம். நீங்க அழிச்சது விடியக்காலைல. சிம் இல்லாத அந்த ஃபோனுக்கு இன்னும் அது தெரியாது. என் கடிதமெல்லாம் அதுல அப்படியே இருக்கும். நெட் வந்துச்சோ, அடுத்த நிமிஷம் அதுலயும் அழிஞ்சுடும்."

இன்ஸாஃபுக்கு ஃபோன் போட்டார்கள். அவள் ஸர்கா நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஃபோன் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றாள். வீட்டுச் சாவி ஃபவ்வாஸிடம் மட்டும்தான், பின்படிக்கட்டுக் கதவும் உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. அவன் காலையிலேயே குளித்துப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவான். வெள்ளிக்கிழமை தன் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவான். பிறகு, 'ஃபோனை அம்மாவிடம் கொடு' என்று ருதைனாவிடம் சொன்னாள் இன்ஸாஃப். நவால் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தணிந்த குரலில் என்னவோ பேசினாள்.

வெளியே வந்தவள், நானே கீழே போய் அவர் வரும்வரை வாசலில் நிற்கிறேன் என்றாள். ருதைனா, நான் நிற்கிறேன் என்றாள்.

"தப்பு பண்ணினது நான். என் தப்புக்கு என் வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தன் வாசல்ல நிக்கக் கூடாது" என்றேன்.

"நீங்க வேண்டாம்" என்றாள் நவால். குரல் நடுங்கியது. "நீங்க போனா பழைய பேச்சு எடுப்பாரு. இன்னைக்கு எதுக்கு அது? நான் போனா காரியம் சுலுவா முடியும்."

என் கௌரவத்துக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் மனம் இளகியும் போனது. அவனைப் பள்ளிவாசலிலேயே பிடித்துவிடலாம் என்று அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சண்டைக்குப் பிறகு நான் தொழுவது மேட்டுத் தெருப் பள்ளிவாசலில். ஃபவ்வாஸ் தொழுவது கடைவீதிப் பள்ளிவாசலில். அன்று நான் கடைவீதிக்குப் போய் உள்ளே நுழைந்தபோது பிரசங்கம் தொடங்கியிருந்தது. கடைசி வரிசையில் செருப்பு அலமாரிக்கு அருகே இடம் கிடைத்தது. முன்வரிசையில் அவன் முதுகு தெரிந்தது. எங்கள் தகப்பனாரின் முதுகு அது, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும்.

பிரசங்கம் பொறுமையைப் பற்றியது. அன்று இமாமுக்கு நிறைய இருந்தது பொறுமை. என் ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொடவே பயமாக இருந்தது. தொழுகையில் எத்தனை முறை குனிந்தேன், என்ன ஓதினேன் என்று கேட்டால் இறைவன்தான் மன்னிக்க வேண்டும். நெட், மாவு டப்பா, நெட், மாவு டப்பா என்றே மனம் ஓதிக்கொண்டிருந்தது.

ஸலாம் கொடுத்து முடித்ததும் எழுந்தேன். முன்வரிசையில் ஃபவ்வாஸ் இல்லை. இமாம் நிற்கும் மிஹ்ராப் மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அதன் வழியே போய்விட்டான். நான் வாசலுக்கு வந்தேன். இறைச்சிக் கடைக்காரர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் மகனுக்கு அடுத்த வாரம் ஃபுஹைஸ் பாதையில் ஒரு வீட்டில் பெண் கேட்கப் போகிறார்களாம். நீங்கள் வராமல் ஜாஹா ஏது என்றார். அப்படிக் கேட்பவரிடம் நான் ஒரு நாளும் முகத்தைத் திருப்பியதில்லை. அன்று கையை உருவிக்கொண்டு, அப்புறம் பேசலாம் என்று நடந்தேன்.

எங்கள் தெரு முழுக்கப் படிக்கட்டு. என் முழங்கால் படிக்கட்டுக்கு ஆகாது. மேலே ஃபவ்வாஸ் கையில் ரொட்டிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஒரே ஒரு தடவை பெயரைச் சொன்னால் போதும். தெருவில் சத்தம் போட்டுக் கூப்பிடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதுதான் காரணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. அவன் வளைவில் திரும்பி மறைந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான். வியப்பையெல்லாம் முகத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றான். வாசலுக்கு வந்தவரை, அவர் யாராயிருந்தாலும், என்ன விஷயம் என்று கேட்கக் கூடாது. முதலில் உட்கார வைத்துக் காபி கொடுக்க வேண்டும். அதை எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தவர் ஒருவர்தான்.

"வாங்க அபூ ஹாதிம்" என்றான். கத்தாரில் இருக்கும் என் மூத்த மகன் பெயரைச் சேர்த்து ஊரார் கூப்பிடுவது போல.

முன்னறையில் உட்கார்ந்தேன். கூடத்தின் மூலையில் சின்ன மேஜையின் மேல் இணையப் பெட்டி இருந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை. இறைவனுக்கு நன்றி சொன்னேன். ரொட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்த ஃபவ்வாஸ், பழக்க தோஷத்தில் அந்த மேஜைப் பக்கம் குனிந்தான். விரல் சுவிட்சின் மேல் போனது.

"அதைத் தொடாதே" என்றேன்.

இத்தனை வருஷம் கழித்து என் தம்பியிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவன் நிமிரவில்லை. விரலையும் எடுக்கவில்லை. "என் வீட்ல எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாதுன்னு மேல் மாடிலேருந்து உத்தரவு வருதா இப்போ?"

எனக்கும் பதில் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலை எடுத்துவிட்டு, காபி போட உள்ளே போனான். விருந்தாளிக்குக் காபி கொடுக்கும்வரை எதற்கும் முடிவு கட்டக் கூடாது அல்லவா.

உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சமையலறையில்தான் என் மகளின் கடிதங்கள் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தன. அவன் கை பட்டு எதையாவது அழுத்திவிடுவானோ என்று எனக்கு வியர்த்தது.

ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபியைச் சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினான். வலது கையால் வாங்கினேன். குடிக்கவில்லை. எதிரே மேஜையில் வைத்தேன்.

ஃபவ்வாஸ் அந்தக் கோப்பையைப் பார்த்தான். அவன் கையிலிருந்த காபிச் செம்பு தாழ்ந்தது. மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஜாஹான்னா கூட ஆள் வரணுமே. உங்க ஆளுங்க எங்கே?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"யாருக்காகக் கேக்க வந்திருக்கீங்க?"

"என் மகளுக்காக."

எத்தனையோ வீடுகளில் அழகழகாகப் பேசியிருக்கிறேன். குலப்பெருமை, உறவின் மேன்மை என்று அடுக்குவேன். அன்று ஒன்றும் வரவில்லை. என் ஃபோனைச் சுத்தம் செய்யப் போய் அவள் கடிதங்களை அழித்துவிட்டேன் என்றேன். குப்பைத் தொட்டியையும் விடவில்லை என்றேன். அவன் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பழைய ஃபோனில்தான் அவை மிஞ்சியிருக்கின்றன, இந்தப் பெட்டி உயிர்பெற்றால் அதுவும் போய்விடும் என்றேன். ருதைனா மேலே ஜன்னலருகே நின்றுகொண்டிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

தன் வீட்டில் ருதைனாவின் ஃபோன் இருப்பது அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. "இன்ஸாஃப் அதைச் சந்தையில வாங்கினதாச் சொன்னாளே" என்று முணுமுணுத்தான். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பின்படிக்கட்டின் பக்கம் பார்த்தோம். அவன் உதடு துடித்தது. சிரிப்பா என்று நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

எழுந்து போய்ச் சுவிட்சைத் தொடாமல், பெட்டியின் வயரையே சுவரிலிருந்து பிடுங்கினான். வயரோடு பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பிறகு சமையலறையிலிருந்து மாவு அப்பிய ஒரு ஃபோனை இரண்டு விரலால் பிடித்து எடுத்துவந்தான்.

"குடி தவ்ஃபீக்" என்றான்.

அந்தப் பெயரைச் சொல்லி என்னை அழைக்கக்கூடியவர்களில் உயிரோடிருப்பவன் அவன் ஒருவன்தான். காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஃபவ்வாஸ் பின்கதவின் தாழைத் திறந்தான், ருதைனா பின்படிக்கட்டு வழியாகத்தான் இறங்கி வந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. ஃபோனை வாங்கியதும் முதல் வேலையாக அதன் இணையத் தொடர்பைத் துண்டித்தாள். மாவைத் துடைத்துத் திறந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு" என்றாள்.

எல்லாம் இருந்தது. தன் புது ஃபோனால் ஒவ்வொரு கடிதத்தையும் படம் பிடித்தாள். கையெழுத்துக்கான இணைப்பின் முகவரியை எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டாள். சித்தப்பாவின் தலையில் முத்தமிட்டாள், என் தலையிலும் முத்தமிட்டாள், மேலே ஓடினாள்.

ஃபவ்வாஸ் இரண்டாவது கோப்பை ஊற்றினான். இந்த முறை சூடாக இருந்தது. சிறிது நேரத்தில் என் சட்டைப்பையில் மணி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். அந்நிய எழுத்தில் புதிதாக ஒரு கடிதம் வந்திருந்தது, மேலே அந்த ஆஸ்பத்திரியின் சின்னம். கையெழுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்து, விரல் எங்கும் படாமல் மேஜையில் வைத்தேன்.

"இனிமே எதையும் சுத்தம் பண்ணாதே" என்றான் ஃபவ்வாஸ்.

எழுந்து வாசல்வரை போனேன். அங்கே நின்றேன். கேட்டதெல்லாம் கிடைத்த வீட்டில் இன்னொன்று கேட்பது முறையல்ல. கேட்டேன்.

"லைஸோட ஜாஹாவுக்கு என்னை ஏன் கூப்பிடல?"

அவன் காபிச் செம்பைக் கீழே வைத்தான்.

"இதை அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நான் கூப்பிட வந்தேன் தவ்ஃபீக். அங்கியெல்லாம் மாட்டிக்கிட்டு, முறையா, உன் வாசலுக்கு வந்தேன். நீ வீட்ல இல்ல."

"யாரும் எங்கிட்ட சொல்லலயே."

"உன்னைக் கூப்பிட வேண்டாம்னு வாசல்லயே நிறுத்திக் கெஞ்சி, திருப்பி அனுப்பினாங்க. ஏன்னு நான் சொல்ல மாட்டேன். வாக்கு கொடுத்திருக்கேன்."

யார் என்று நான் கேட்கவில்லை. அவனும் பெயர் சொல்லவில்லை. தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தான்.

கூரைக்கு மேலே என் வீடு. அங்கே, நேர் மேலே, சமையலறையில் நடந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. நவாலின் நடை எனக்குத் தெரியும்.